ஓடுகிற மனசு

யூடியூப் பார்த்துத் தியானம் பழகுகிறேன். கண்ணை மூடினாலே கேஸ் புக் பண்ண வேண்டுமே என்று நினைப்பு ஓடுகிறது. எனக்குத் தியானம் வராதா? - வாசகி, திருச்சி

தாராளமாக வரும். ஓடியதைக் கவனித்தீர்களே, பயிற்சியே அதுதான். மனசைத் திட்டாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். மேலுதட்டுக்கு மேலே காற்று உரசுவது தெரிகிறதா? அதைக் கவனித்தால் போதும். ஆனால் கால் மரத்துப்போனால், தூக்கம் சொக்கினால், காரணமில்லாமல் அழுகை பொங்கினால் வீடியோவிடம் கேட்க முடியாது; அனுபவமுள்ள ஆசிரியர் வேண்டும். சென்னை திருமுடிவாக்கம் பக்கம் தம்ம சேது என்ற தியான மையத்தில், எஸ்.என். கோயங்கா கற்பித்த விபாசனா முறையில் 10 நாள் முகாம் நடக்கிறது. சாப்பாடு, தங்குமிடம் உட்படக் கட்டணமே இல்லை. முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது. செல்போனும் அரட்டையும் கிடையாது, ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம். முதல் 3 நாட்கள் மூச்சு மட்டும்தான்! இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.