மழைநீரோடு போகும் எண்ணெய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்தபோது எண்ணூர் மீனவர்களின் படகுகளும் வலைகளும் கறுத்துக் கிடந்தன. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றில் இறங்கி முகத்துவாரம் வரை படர்ந்திருந்தது. மீனவர்களே படகில் போய் அதைக் கையால் மொண்டு எடுத்தார்கள். எரிபொருளைச் சேமிக்கும் இடங்களைப் பற்றி நம்மிடையே புழங்கும் சில நம்பிக்கைகளை இனியாவது சரிபார்க்க வேண்டும்.

நம்பிக்கை: பெரிய டேங்க் உடைந்தால்தான் ஆபத்து. சொட்டுச் சொட்டாகச் சிந்துவது காய்ந்துவிடும்.

உண்மை: பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், டீசலும் ஃபர்னஸ் ஆயிலும் அப்படிப் போய்விடாது. டேங்கர் லாரியில் ஏற்றி முடித்துக் குழாயைக் கழற்றும்போது வழிவது, பம்ப் சீலில் கசிவது எல்லாம் தரையில் படிந்து, முதல் மழையில் ஒன்றாகக் கிளம்பும். 1 லிட்டர் டீசல் தண்ணீர்மேல் ஒரு மைக்ரான் கனத்தில் படர்ந்தால் 1,000 சதுர மீட்டரை மூடிவிடும். ஏற்றும் இடத்துக்குக் கூரையும், இணைப்புகளின் கீழே தட்டும் வைப்பது இதற்காகத்தான்.

நம்பிக்கை: டேங்கைச் சுற்றி டைக் சுவர் இருக்கிறது; எண்ணெய் வெளியே போகாது.

உண்மை: 1988 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஃப்ளோரெஃப் என்ற இடத்தில் 40 லட்சம் கேலன் கொள்ளளவுள்ள டீசல் டேங்க் பிளந்து சரிந்தது. டீசல் பாய்ந்த வேகத்தில் டைக்கைத் தாண்டி, பக்கத்து மனைக்குள் புகுந்து, மூடியில்லாத மழைநீர் வடிகால் வழியே மொனோங்கஹீலா ஆற்றில் விழுந்தது. சுமார் 10 லட்சம் பேரின் குடிநீர் பாதிக்கப்பட்டது. 2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் கிடங்கு தீப்பிடித்தபோது, டைக் சுவரின் இணைப்புகளும் குழாய்கள் ஊடுருவும் இடங்களும் கசிந்தன. எரிபொருளும் தீயணைப்பு நீரும் அவ்வழியே வெளியேறி நிலத்தடி நீரைக் கெடுத்தன. சுவர் கட்டினால் போதாது. அதன் விரிசலையும் இணைப்பையும் தவறாமல் பார்த்து அடைக்க வேண்டும்.

நம்பிக்கை: மழைக்காலத்தில் டைக்கிலிருந்து நீரை வெளியேற்றும் வால்வு திறந்தே இருக்கலாம், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கும்.

உண்மை: இதுதான் மிக ஆபத்தான பழக்கம். வால்வு திறந்திருக்கும் டைக், சுவரே இல்லாத டைக்குக்குச் சமம். டேங்க் நிரம்பி வழிந்தால் எண்ணெய் நேராக வடிகாலுக்குப் போய்விடும். வால்வு எப்போதும் மூடிப் பூட்டியிருக்க வேண்டும். மழை நின்றதும் ஒருவர் போய், தேங்கிய நீர்மேல் வானவில் நிறப் படலம் தெரிகிறதா, வாடை அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் மட்டும் திறந்து, வடியும் வரை அங்கேயே நின்று, மூடி, நேரத்தையும் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். படலம் தெரிந்தால் அந்த நீரை, எண்ணெயைத் தனியே பிரிக்கும் பிரிப்புத் தொட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும். தேங்கவிட்டாலும் தவறு: அந்த அளவுக்கு எண்ணெயைத் தாங்கும் இடம் குறையும்.

நம்பிக்கை: வடிகாலில் போவது எப்படியும் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகும்.

உண்மை: அங்கே போவது பாதாளச் சாக்கடை. மழைநீர் வடிகால் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் நேராகப் போகிறது. நடுவில் வடிகட்டுவார் யாருமில்லை. கிடங்கில் இருப்பவர்களுக்கு எந்த வடிகால் எங்கே முடிகிறது என்பது மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

நம்பிக்கை: சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிட்டால் சுத்தம்.

உண்மை: சோப்பு எண்ணெயை அழிப்பதில்லை, நுண்துளிகளாக உடைத்து நீரோடு கலந்துவிடுகிறது. எண்ணெய் மேலே மிதக்கும் என்பதை நம்பித்தான் பிரிப்புத் தொட்டி இயங்குகிறது. கலந்த எண்ணெயை அதனால் பிடிக்க முடியாது. சிந்தியவுடன் முதலில் வடிகால் வாயை அடைக்க வேண்டும். பிறகு மணலோ உறிஞ்சு பட்டையோ போட்டு அள்ளி, அபாயகரக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் வருவது எல்லோருக்கும் தெரியும். அக்டோபருக்கு முன்பே ஒவ்வொரு கிடங்கும் தன் டைக், வால்வு, வடிகால், பிரிப்புத் தொட்டி நான்கையும் சோதித்து, முடிவைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அறிவிக்க வேண்டும். ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் அதைக் கேட்டுப் பெறுவது அவர்களுடைய உரிமை.