பதினொன்றில் எந்தக் குரூப்? மருத்துவப் பணிக்குப் போக நினைப்பவர்களுக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே ஆழ்வார்திருநகரித் தெருக்களில் ஒரே கேள்விதான்: "பிள்ளைய எந்தக் குரூப்ல சேர்க்க?" நர்ஸ், லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட், டாக்டர் என்று எந்த வேலைக்குப் போனாலும் முதலில் தெரிய வேண்டியது மனித உடல் எப்படி இயங்குகிறது என்பது. அந்தப் பாடம் எங்கே ஒழுங்காகக் கிடைக்கும் என்று பார்த்துத்தான் குரூப்பை முடிவு செய்ய வேண்டும்.

நம் அரசுப் பாடத்திட்டத்தில் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கணக்கோடு சேர்ந்த பயாலஜி குரூப். இதில் தாவரவியலும் விலங்கியலும் ஒரே தாளுக்குள் பாதிப்பாதி. இரண்டாவது ப்யூர் சயின்ஸ். கணக்கு இல்லை, தாவரவியல் ஒரு தாள், விலங்கியல் ஒரு தாள். மூன்றாவது, தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங். பள்ளியில் படிக்கும்போதே ஆஸ்பத்திரிப் பயிற்சி கிடைக்கும் என்பது இதன் பலம். ஆனால் இயற்பியலும் வேதியியலும் இதில் இல்லை. அதனால் நீட் எழுத முடியாது, எம்.பி.பி.எஸ். மட்டுமல்ல, பக்கத்திலேயே பாளையங்கோட்டையில் இருக்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் கைவிட்டுப் போகும். சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன்.

மருத்துவத் துறைதான் என்று மனம் உறுதியாக இருந்து, கணக்கு பாரமாகவும் தெரிந்தால் ப்யூர் சயின்ஸ் எடுங்கள். அதை மட்டமான குரூப் என்று சொல்கிற பழக்கம் தவறு. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கே. இன்ஜினீயரிங் ஆசையும் ஓரமாக இருந்தால் கணக்கோடு சேர்ந்த குரூப்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. பதினொன்றில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை நல்ல எண்ணத்தோடு கடன் வாங்கி மாற்றும் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை.

தமிழ் வழியா, ஆங்கில வழியா? தமிழில் படித்தவர் பயப்படத் தேவையில்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். பொருள் முதலில் தாய்மொழியில் மனதில் உட்கார்ந்துவிட்டால் பெயரைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். நர்சிங் கல்லூரியில் ஆங்கிலப் பெயர்கள் வந்து மோதும் என்பது உண்மைதான். அதற்கு இப்போதே ஒரு நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 'ஹெப்பட்' என்றால் கல்லீரல், 'நெஃப்ர்' என்றால் சிறுநீரகம், 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. இந்த மூன்று துண்டும் தெரிந்தால் ஹெப்பட்டைட்டிஸும் நெஃப்ரைட்டிஸும் தாமே விளங்கும்.

படத்தைப் பார்த்து மட்டும் படிக்காதீர்கள். கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்று வாங்கி நெடுக்காக அறுத்துப் பாருங்கள். நம் இதயத்தைப் போலவே நான்கு அறைகள். இடது கீழறையின் சுவர் தடித்திருப்பதை விரலால் தொட்டாலே தெரியும். உடல் முழுக்க ரத்தத்தைத் தள்ளுவது அதுதான். நாம் சுவரொட்டி என்று வாங்கிச் சாப்பிடுவது பாடப் புத்தகத்தின் மண்ணீரல். மூச்சை அடக்கி மூழ்கும்போது மனிதனின் மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்களின் உடலுக்குள் நடந்தது இதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்கும். மேலே வா என்று மூளை துடிப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கார்பன் டை ஆக்சைடு கூடுவதால். சுவாசம், சுற்றோட்டம், நரம்பு என்று மூன்று பாடம் அந்த ஒரு மூழ்கலில் இருக்கிறது. எலும்பு மண்டலம் படிக்கும்போது ஆதிச்சநல்லூருக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே முதுமக்கள் தாழிகளிலிருந்து கிடைத்த மண்டையோடுகளை வைத்து 1930இல் சக்கர்மன் என்ற உடற்கூற்றியல் அறிஞர் ஒரு நூலே எழுதினார்.

செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவுநீக்கம், நரம்பு, நாளமில்லாச் சுரப்பிகள் எல்லாம் பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில்தான் இருக்கின்றன. பன்னிரண்டில் அவை திரும்ப வராது. பதினொன்றுக்கான பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இனி அந்த ஆண்டையே தாண்டிப் பன்னிரண்டின் பாடத்தைத் தொடங்கும் பள்ளிகள் பெருகலாம். சேர்க்கைக்குப் போகும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "பதினொன்றாம் வகுப்பு விலங்கியலை முழுதாக நடத்துவீர்களா?" நேரான பதில் வராத பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.