மாலை வகுப்புக்குப் போகும் மகளுக்கு

புதுக்கோட்டை

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். அண்ணி நேற்று போனில் உன் செய்தியைச் சொன்னார்கள். பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கான மாலை நேர மையத்தில் பகுதிநேரப் பயிற்றுநராகச் சேர்ந்திருக்கிறாயாம். கேட்டதும் மனம் நிறைந்தது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் உனக்குத் தெரியும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் வந்த கற்றல் இழப்பைச் சரிசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். மாலை 5 முதல் 7 வரை வகுப்பு நடந்தது. தன்னார்வலருக்கு மாதம் ரூ.1,000 கொடுத்தார்கள். அது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக வந்தது. அதற்கு மேல்தான் சிக்கலான வயது. பதின்மூன்று, பதினான்கில் குரல் உடைகிறது, முகத்தில் பரு வருகிறது, நாலு பேர் முன்னால் தலைகுனிவதைப் போன்ற கொடுமை வேறு எதுவும் இல்லை என்று தோன்றுகிறது. அந்த வயதுப் பிள்ளைகள் உன்னிடம் வருகிறார்கள். அதனால் உன் பொறுப்பு சிறியதல்ல.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த மையத்தில் பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படுவது உன் கணக்குப் பாடம் அல்ல. சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில், நீ இருப்பது. மதிப்பெண் போடாத, வீட்டில் போட்டுக்கொடுக்காத, ஆனால் தினமும் தவறாமல் வருகிற ஒரு பெரியவர் அந்த வயதில் கிடைப்பது அரிது. அப்படி ஒருவர் கிடைத்தால் படிப்பு அதன் பிறகு தானாக வரும்.

இதை நான் கற்றது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில். 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி வந்தபோது நானும் தொண்டனாகப் போனேன். குவாரியிலும் வயலிலும் நாள் முழுக்க உழைத்த பெண்கள் இரவில் சிலேட்டோடு வந்து உட்கார்வார்கள். அந்த இயக்கத்தோடு சேர்ந்துதான் நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். வா என்று அவர்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. தொண்டர் ஒழுங்காக வந்த தெருவில் கூட்டம் இருந்தது. இரண்டு நாள் வராமல் போன தெருவில் பாய் விரிக்கக்கூட ஆளில்லை. உன் மையமும் அப்படித்தான். வருகைப் பதிவேடு இருந்தாலும், அவர்களாக விரும்பி வந்தால்தான் உண்டு. ஐந்து மணி வகுப்பென்றால் 4.50-க்கு நீ அங்கே இரு. வர முடியாத நாளை முதல் நாளே சொல்லிவிடு. "நாளைக்கு வர மாட்டேன், திங்கட்கிழமை வருவேன்" என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வந்து நிற்கும் ஆளை அவர்கள் நம்புவார்கள்.

வந்ததும் பாடத்தைத் தொடங்காதே. மதியச் சத்துணவுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் வயிற்றில் ஒன்றும் விழுந்திருக்காது. மையத்துப் பொறுப்பாளரிடம் பேசி ஒரு கைப்பிடி சுண்டலுக்கோ, கடலைமிட்டாய்க்கோ ஏற்பாடு செய். முதல் பத்து நிமிடம் சாப்பிடட்டும், பேசட்டும். யார் பேசவில்லை, யார் தூங்கி வழிகிறார்கள், யார் இரண்டு நாளாக வரவில்லை என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் உனக்குத் தெரிந்துவிடும்.

பள்ளியில் நடந்த பாடத்தையே மறுபடி நடத்தாதே. அது அவர்களுக்குத் தண்டனை. எங்கே அறுந்திருக்கிறது என்று தேடு. ஒன்பதாம் வகுப்புப் பையன் இயற்கணிதத்தில் திணறுவான். நோட்டை வாங்கிப் பார்த்தால், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருப்பான். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறான். சிவப்புப் பேனாவை எடுக்காதே. "தம்பி, ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிசா, சின்னதா?" என்று மட்டும் கேள். யோசித்துச் "சின்னது" என்பான். "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று கேள். அவன் முகம் மாறும். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து ஆறு சமபாகமாக மடிக்கச் சொல். பாதிக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு கட்டம், மொத்தம் ஐந்து கட்டம். விடை ஆறில் ஐந்து. இதற்குக் கால் மணி நேரம் ஆகும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அவன் பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்காத கால் மணி நேரம் அது. உன்னிடம் அது இருக்கிறது. அவன் ஆசிரியரை ஒருநாளும் குறை சொல்லாதே.

இன்னொன்று: யாரையும் நாலு பேர் முன்னால் மட்டம் தட்டாதே. "பத்தாவது வந்தும் இதுகூடத் தெரியலையா" என்ற ஒரே வார்த்தை போதும், மறுநாள் முதல் அந்தப் பிள்ளை வராது. கண்டிக்க வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டு, ஆனால் மற்றவர்கள் பார்வை படும் இடத்தில் நின்று சொல். பாராட்டையும் அளந்து சொல். "நீ சூப்பர்" என்பதைவிட, "நேற்று மூன்றாம் படியில் விட்ட குறியை இன்றைக்கு விடவில்லை" என்பது அவர்களுக்கு நாள் முழுக்க நிற்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதே. எந்தப் பிள்ளையோடும் கதவு சாத்திய அறையில் தனியாக இருக்காதே. வாட்ஸ்அப் தேவையென்றால் பெற்றோரும் பொறுப்பாளரும் இருக்கும் குழு போதும். இரவில் தனிச்செய்தி வேண்டாம். ஏழு மணிக்கு முடித்துவிடு. பெண் பிள்ளைகள் யாரோடு போகிறார்கள், பஸ் வந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்பு. "அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று ஒரு பிள்ளை கேட்டால் சத்தியம் செய்யாதே. "உனக்கு நல்லது நடக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று சொல். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். தெரிந்தும் மறைப்பது குற்றம். நீயே விசாரணையில் இறங்காதே. பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதே. பதினெட்டு வயதாகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தாலும், படிக்க வேண்டிய பையனை அபாயமான வேலைக்கு அனுப்பினாலும் 1098-க்குப் பேசு. அது இலவச எண். எந்த நேரமும் அழைக்கலாம். அந்த எண்ணை மையத்துச் சுவரில் பெரிதாக எழுதி வை. உன்னிடம் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை தானே கூப்பிடும்.

படிப்பைத் தொடர என்னென்ன வழி இருக்கிறது என்பதையும் கையோடு வைத்திரு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயார் செய். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000 உதவித்தொகை. ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கும் வீட்டில் அந்தப் பணம் முடிவை மாற்றும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன், இரண்டிலும் மாதம் ரூ.1,000. பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போய்விட்டால் உடனே துணைத்தேர்வு உண்டு, ஆண்டு வீணாகாது என்பதை ரிசல்ட் வருவதற்கு முன்பே சொல்லி வை. முடிவு வந்த அன்று அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போ. தேறியவர்கள் வீட்டுக்கு மறுநாள் போகலாம்.

உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதிப்பூதியம் எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார்கள், விடுமுறை மாதத்துக்கு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள். கேட்பதில் வெட்கமில்லை, சேவை என்று சொல்லி உழைப்பை இலவசமாக வாங்குவது எங்கும் நடக்கிறது. அனுபவச் சான்றிதழையும் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு வாங்கி வை. உன் காசைப் போட்டு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை ஆரம்பிக்காதே. தேவைப்பட்டதை எழுதிப் பொறுப்பாளரிடம் கொடு. தகுதித் தேர்வுக்கான காலை நேரப் படிப்பை மாலை வேலை தின்றுவிட விடாதே. ஐந்து முதல் ஏழு வரை அந்தப் பிள்ளைகளுடையது, மற்ற நேரம் உன்னுடையது. இந்தக் கோடு தெளிவாக இருந்தால்தான் நீ சலிக்காமல் இருப்பாய்.

சில மாதங்கள் கழித்து, ஒன்றும் மாறவில்லையே என்று தோன்றும். அந்த வயதுப் பிள்ளைகள் நன்றி சொல்ல மாட்டார்கள்; சிலர் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்கள். அதைக் கணக்கில் எடுக்காதே. அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்: பின்பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் நீ வந்தாயா என்று முதலில் பார்க்கும்.

பகுதிநேரம் என்பது சம்பளக் கணக்கில் இருக்கட்டும். எடுத்த ஆண்டை நடுவில் விடாதே, மகளே. வேறு நல்ல வேலை கிடைத்தாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதி முடிக்கும்வரை இருந்துவிட்டுப் போ; முடியாதென்றால் உன் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டுப் போ. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

அன்புடன்,
சித்தப்பா