கோழிப்பண்ணை ஃபேன் பராமரிப்பு: பயனுள்ள குறிப்புகள்

பல்லடம், உடுமலைப் பக்கம் கூலிங் பேட் வைத்த மூடிய ஷெட்டுகளில், கோழிகளின் உயிர் பின்சுவர் ஃபேன்களை நம்பித்தான் இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெல்ட் வழுக்கினால் மோட்டார் முழு வேகத்தில் ஓடும், இறக்கை மட்டும் மெதுவாகச் சுற்றும். இறக்கை வேகம் பத்து சதவீதம் குறைந்தால் காற்றும் பத்து சதவீதம் குறையும்.

1. கை வைக்கும் முன் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் இணைத்த ஃபேன், சூடு ஏறியதும் சொல்லாமல் கிளம்பும். பக்கத்து ஃபேன்கள் இழுக்கும் காற்றில் நின்ற இறக்கையும் திரும்பும், கயிற்றால் கட்டிவிடுங்கள்.

2. பெல்ட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி வளைத்துப் பாருங்கள். வெடிப்போ, பிரிந்த நூலோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். வி பெல்ட் பக்கவாட்டில்தான் பிடிக்கும். புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொடக் கூடாது. அடிப்பகுதி பளபளவென்று மின்னினால், பெல்ட் கீழே உரசுகிறது என்று அர்த்தம். புது பெல்ட் போட்டும் அப்படியே இறங்கினால் தேய்ந்தது புல்லி. அதையும் மாற்றாவிட்டால் புது பெல்ட்டும் சீக்கிரமே போய்விடும்.

3. இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட்டை அழுத்தினால், இடைவெளியில் அடிக்குச் சுமார் 5 மி.மீ. இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். மிகவும் இறுக்கினால் பேரிங் போகும். ஸ்பிரிங் டென்ஷனர் இருந்தால் அது துருப்பிடித்து நின்றுவிடாமல் அசைகிறதா பாருங்கள். இல்லாத ஃபேனில் புது பெல்ட் ஓரிரு நாளில் நீளும், மறுபடி இறுக்குங்கள்.

4. கீச்சென்ற சத்தத்துக்குச் சோப்பு, ஆயில் தடவாதீர்கள். சத்தம் அடங்கும், வழுக்கல் கூடும்.

5. ஸ்குரூடிரைவரால் நெம்பி பெல்ட் ஏற்றக் கூடாது. உள்ளிருக்கும் நூல் அறுந்துவிடும். டென்ஷனரையோ மோட்டார் போல்ட்டையோ தளர்த்தி மாட்டுங்கள்.

6. மோட்டாரின் மேல் படிந்த தூசும் இறகும் சூட்டை வெளியே விடாது. காய்ந்த பிரஷால் தட்டுங்கள். தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். மூன்று ஃபேஸ் மோட்டாரில் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு ஒயரிலும் மாட்டிப் பாருங்கள். ஒன்றில் கரண்ட் இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள், காயில் கருகிவிடும்.

7. இருபுறமும் மூடிய பேரிங்குக்கு கிரீஸ் தேவையில்லை. நிப்பிள் வைத்ததற்கும் கொஞ்சமே போதும். அதிகமானால் பேரிங் சூடாகும்.

8. ஷட்டர் தகடுகள் தூசியால் பாதி திறந்தபடி நின்றால், நல்ல ஃபேனும் காற்றுத் தள்ளாது. ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் துடையுங்கள்.

9. ஒயரிங் வேலை நடந்திருந்தால், காற்று வெளியேதான் போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டு ஃபேஸ் இடம் மாறினாலே மோட்டார் தலைகீழாகச் சுற்றும்.

10. பெல்ட் நம்பரை ஷெட் சுவரில் எழுதிவைத்து, மாசி பிறக்கும் முன்பே உபரி பெல்ட் வாங்கி வையுங்கள். உச்சி வெயிலில் பெல்ட் அறுந்தபின் கடைக்கு ஓட நேரம் இருக்காது.