நன்னாரியும் அதன் பெயர்களும்

வேனில் தொடங்கியதும் ரெட்டியார்பாளையத்துச் சாலையோரக் கடைகளில் நன்னாரி சர்பத்துக் கேட்போர் பலர். அவருள் வேரைக் கண்டவர் சிலரே. ஏனையோர் பெயரை நம்பியே பருகுகின்றனர். ஒரு செடியின் பெயர் அதன் பானத்திற்கு எவ்வாறு மதிப்பளிக்கிறது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

தமிழில் இப்பெயரைக் கேட்டவுடனே 'நன்மை' நினைவிற்கு வருகிறது. தெலுங்கர் 'சுகந்திபாலா' என மணத்தைச் சுட்டி அழைப்பர். வடமொழியில் 'அனந்தமூலம்', அஃதாவது முடிவிலா வேர். தாவர நூலார் கணக்கின்படி இக்கொடி எருக்கின் குடும்பத்தைச் சார்ந்தது. ஒடித்தால் பால் வடியும். அவ்வுறவைச் சுட்டும் பெயர் வாய்த்திருப்பின், இதனைப் பருக எத்தனை பேர் முன்வருவர்?

ஐரோப்பியர் இதனை 'இந்திய சார்சபரில்லா' என்றனர். சார்சபரில்லா என்பது அமெரிக்கக் கண்டத்து முட்கொடி; 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவில் மருந்தாகப் புகழ்பெற்றது. நன்னாரிக்கும் அதற்கும் குடும்ப உறவு இல்லை. எனினும் அப்பெயரின் துணையால் நன்னாரி வேர் 1864இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் இடம்பெற்றது. இரவற்பெயர் புகழைத் தந்தது. 'மாற்றுச் சரக்கு' என்னும் தாழ்வையும் உடன் தந்தது.

இன்று நன்னாரியின் பெயரையே பிறிதொன்று இரவல் பெறுகிறது. மாகாளிக் கிழங்கு நன்னாரியாக விற்கப்படுவதுண்டு. இரண்டின் மணத்திற்கும் காரணமான பொருள் ஒன்றே. ஆதலின் மூக்கினால் வேறுபாடு அறிதல் அரிது. கண்ணால் அறியலாம்: நன்னாரி வேர் மெலிந்து, கட்டைபோல் உறுதியாய், கருமை கலந்த பழுப்பு நிறத்தது, மாகாளி பருத்துச் சதைப்பற்றுடையது. பொடியாக்கிவிட்டால் இவ்வடையாளம் மறைந்துவிடும். வேரே இல்லாமல், செயற்கை மணமும் நிறமும் சேர்த்த சர்க்கரைப்பாகும் இப்பெயரால் விலைபோகின்றது.

விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்றால் நெசவாளர்க்கு நேரும் இழப்பு யாதென நாம் அறிவோம். வேர் விளைவிப்போர்க்கும் அவ்விழப்பே நேர்கிறது. பெயரின்மேல் உள்ள நம்பிக்கை கெட்டால், உண்மைச் சரக்கிற்கும் விலை குறையும்.

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டியவை மூன்று. வேரைப் பொடியாக அன்றி முழுதாகவே கொள்முதல் செய்க. காட்டுக் கொடிகளை அடியோடு அகழாது, வேர்த்துண்டு, தண்டுத்துண்டுகளை நட்டுப் பயிராக்குக. புட்டியில் உள்ளது எதுவோ, அதன் பெயரையே புட்டியின்மேல் எழுதுக. மாகாளிப் பானமாயின் மாகாளி என்றே விற்கலாம். அதற்கும் தனிச்சுவை உண்டு. நற்பெயர் கூட்டுச் சொத்து; அதனைக் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.