தம்மாமுக்குப் போகிறேன், அபாயா போடத்தான் வேண்டுமா?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மன்னார் பேசாலையைச் சேர்ந்தவள். கத்தோலிக்கக் குடும்பம். என் கணவர் சவூதி அரேபியாவில் தம்மாம் நகரில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறார். அவரோடு கொஞ்சக் காலம் தங்கி வர விசா கிடைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பயணம் எனக்கு இதுதான் முதல் தடவை.

உடுப்பு விஷயத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். தலைமுடி தெரிந்தாலே பொலிஸ் பிடிக்கும் என்கிறார் மாமி. இப்போது எல்லாம் மாறிவிட்டது, ஜீன்ஸும் ரி-சேர்ட்டும் போதும் என்கிறான் தம்பி. அபாயா போட்டால் நம்முடைய வேதத்தை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்குள்ளும் ஓர் உறுத்தல். கழுத்தில் சிலுவைச் சங்கிலி இருக்கிறது. அதைக் கழற்றி வைக்க வேண்டுமா? எருக்கலம்பிட்டியில் இருக்கிற பள்ளிக்கூடச் சிநேகிதி தன்னுடைய அபாயா ஒன்றைத் தருகிறேன் என்கிறாள். வாங்கிக்கொண்டு போகவா?

வாசகி, பேசாலை

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அபாயா போட்டே ஆக வேண்டும் என்று இன்றைய சவூதிச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தலையை மூடச் சொல்லியும் கட்டாயமில்லை. உடம்பை ஒட்டிப் பிடிக்காத, தோளையும் முழங்காலையும் மறைக்கிற உடுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் சிநேகிதி தருகிற அபாயாவை வாங்கிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மாமி சொல்வது ஒரு காலத்து உண்மை. மார்க்கப் பொலிஸார் கடைத்தெருவில் பெண்களை மறித்து, தலையை மூடு, அபாயாவைச் சரிசெய் என்று அதட்டிய காலம் இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வேலைக்குப் போய் வந்த நம் பெண்கள் அதைக் கண்ணால் கண்டவர்கள். 2016 ஏப்ரலில் அந்தப் பொலிஸாரிடமிருந்து கைது செய்யும் அதிகாரம் எடுக்கப்பட்டது. 2018 மார்ச்சில் முடிக்குரிய இளவரசர் முகம்மது பின் சல்மான் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஆணைப் போலப் பெண்ணும் கண்ணியமாக உடுத்த வேண்டும் என்பதே மார்க்கம், கறுப்பு அபாயாதான் வேண்டும் என்று எங்கும் வரையறுக்கவில்லை என்ற கருத்தைச் சொன்னார். 2019 செப்டெம்பரில் உல்லாசப் பயணிகளுக்கு விசா திறந்தபோது, வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள்.

தம்பி இதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறான். அதே மாதத்தில் பொது ஒழுக்க விதிகள் என்று 19 குற்றங்களைப் பட்டியல் போட்டு, அவற்றுக்கு அபராதமும் வைத்தார்கள். இறுக்கமான உடுப்பு, அசிங்கமான படமோ எழுத்தோ உள்ள உடுப்பு, பொது இடத்தில் கணவன் மனைவி கொஞ்சிக்கொள்வது, பிறரை அவர்களிடம் கேட்காமல் படம் எடுப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த விதிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கணவருக்கும் சொல்லி வையுங்கள்.

சட்டம் கேட்பது ஒன்று, ஊர் எதிர்பார்ப்பது இன்னொன்று, உங்கள் மனம் ஒப்புவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு பயம் வருகிறது. சட்டத்தைப் பார்த்துவிட்டோம். ஊரைப் பார்ப்போம். தம்மாமின் கடற்கரைச் சாலையிலும் பெரிய கடைத்தொகுதிகளிலும் பல நாட்டுப் பெண்கள் தலை மூடாமல் நடமாடுவார்கள். நீளமான பஞ்சாபியும் சோலும் அங்கே தாராளமாகப் போதும். பழைய சந்தை, அரசாங்க அலுவலகம், கத்தீப், ஹுபூஃப் போன்ற ஊர்கள் என்று போகும்போது, சுற்றியிருக்கும் பெண்கள் அநேகமாக எல்லாரும் அபாயாவில் இருப்பார்கள். அங்கே அதைப் போட்டால் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், உங்களுக்கும் கூச்சம் இருக்காது. பள்ளிவாசல் பார்க்கப் போனால் மட்டும் தலையைக் கட்டாயம் மூடுங்கள். மக்கா நகருக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி மனதின் உறுத்தலுக்கு வருகிறேன். அபாயா அரபுநாட்டுப் பெண்களின் மேலுடுப்பு. அதைப் போடுவதால் யாருடைய வேதமும் மாறிவிடாது. நம் மன்னாரின் முஸ்லிம் பெண்களே ஒரு தலைமுறைக்கு முன்பு சேலைதான் கட்டினார்கள். முந்தானையை இழுத்து முக்காடு போட்டார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கிய பிறகுதான் அபாயா இங்கே பரவியது. சேலையில் இருந்த அந்தப் பாட்டிமார் முஸ்லிம்களாகத்தான் இருந்தார்கள். உங்கள் பாட்டியும் பூசைக்குப் போகும்போது முக்காடு போட்டிருப்பார். மடு மாதா கோயிலுக்கு எப்படி உடுத்துப் போக வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருக்கேதீச்சரத்தில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். இடத்துக்குத் தக்கபடி உடுத்துவது நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய மரியாதைதான். அதைச் செய்வதால் உங்கள் விசுவாசத்தில் எதுவும் குறைந்துவிடாது.

சிலுவைச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம். உடுப்புக்கு உள்ளே இருக்கட்டும். சவூதியில் தேவாலயம் கிடையாது, பிற மதங்களின் பொது வழிபாட்டுக்கும் அனுமதி இல்லை. வீட்டுக்குள் நீங்கள் தனியாகச் செபமாலை சொல்வது உங்கள் சொந்த விஷயம். பூசை காண ஆசை வந்தால் ஒரு வழி இருக்கிறது. தம்மாமுக்குப் பக்கத்தில் இருக்கும் அல் கோபாரிலிருந்து பஹ்ரைன் தீவுக்குக் கடலின் மேலே 25 கிலோமீற்றர் நீளமான பாதை போகிறது. 1986இல் திறந்தது. பஹ்ரைனில் பழைய திரு இருதய ஆலயமும் உண்டு, 2021 டிசம்பரில் அபிஷேகம் செய்யப்பட்ட அரேபிய மாதா பேராலயமும் உண்டு. போவதற்கு முன் உங்கள் சவூதி விசா பலமுறை உள்ளே வர விடுகிற விசாதானா என்று உறுதி செய்யுங்கள். ஒருமுறை விசா என்றால் வெளியே போனதோடு அது முடிந்துவிடும். பஹ்ரைனுக்குத் தனியாக விசாவும் வேண்டும்.

துணி விஷயம். தம்மாமும் நம்மைப் போலக் கடலோரம்தான், ஆனால் கோடையில் அங்கே புழுக்கமும் வெயிலும் மன்னாரைவிடக் கடுமை. கடைத்தொகுதிக்குள்ளே குளிரூட்டி நடுங்க வைக்கும். மெல்லிய, காற்றோட்டமான அபாயாவாகப் பாருங்கள். உள்ளே பருத்தி உடுப்புப் போடுங்கள், நைலோன் சேர்ந்தது வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் திறந்து அழுத்துப் பொத்தான் வைத்தது புதிதாகப் போடுகிறவர்களுக்குச் சுகம். கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, சாம்பல், நீலம், காவி எல்லாம் அங்கே புழக்கத்தில் உண்டு. நீளத்தை நீங்கள் போடப்போகும் செருப்போடு நின்று அளந்து பாருங்கள். தரையில் இழுபட்டால் நகரும் படிக்கட்டில் சிக்கி விழ நேரும். இது நிஜமான ஆபத்து, கவனம். கைப்பையில் எப்போதும் ஒரு பருத்திச் சோல் இருக்கட்டும், யாராவது தலையை மூடச் சொன்னால் வாக்குவாதம் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம். இத்தனையும் வெளியிடத்துக்குத்தான். உங்கள் வீட்டுக்குள் உங்கள் விருப்பம்.

சவூதிக்குச் சொன்னதை எல்லா முஸ்லிம் நாட்டுக்கும் பொருத்திவிட வேண்டாம். ஈரானில் 1983 முதல் தலைமூடல் சட்டக் கட்டாயம், வெளிநாட்டுப் பெண்களுக்கும் சேர்த்துத்தான். அதை ஒழுங்காக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்ஸா அமினி 2022 செப்டெம்பரில் காவலில் இருந்த நிலையில் இறந்தபோது, அந்நாட்டுப் பெண்களே தெருவில் இறங்கினார்கள். ஓமான், கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளில் வெளிநாட்டுப் பெண் தலையை மூட வேண்டியதில்லை, பள்ளிவாசலுக்குள் மட்டும் மூட வேண்டும். பக்கத்து மாலைதீவில்கூட உல்லாசத் தீவுகளுக்கு ஒரு முறை, மக்கள் வாழும் தீவுகளுக்கு வேறு முறை. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டின் இன்றைய விதியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுக்க மூடிக்கொண்டு போனால் ஒருத்தரும் தொந்தரவு தர மாட்டார்கள் என்று சிலர் உங்களுக்கு ஆறுதல் சொல்வார்கள். அதை நம்பிக்கொண்டு போகாதீர்கள். அபாயாவில் இருக்கும் பெண்களும் தொந்தரவுக்கு ஆளாகிறார்கள். அப்படி ஏதாவது நடந்தால், என் உடுப்பில் என்ன பிழை என்று உங்களை நீங்களே விசாரிக்க வேண்டாம். பிழை செய்தவனுடையது. சவூதியிலேயே 2018இல் பாலியல் தொந்தரவுக்கு எதிரான சட்டம் வந்துவிட்டது. 2 ஆண்டு வரை சிறையும் 1,00,000 ரியால் வரை அபராதமும் உண்டு, பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை இன்னும் கூடும். அங்குள்ள பொலிஸ் இலக்கத்தையும் ரியாத்தில் இருக்கும் இலங்கைத் தூதரகத்தின் இலக்கத்தையும் போகும் முன்பே போனில் பதிந்து வையுங்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தை உங்கள் வீட்டாரிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாகச் சிநேகிதியைப் பற்றி. எருக்கலம்பிட்டி முஸ்லிம் மக்கள் 1990 அக்டோபரில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, கடல் வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனவர்கள். பலர் போர் முடிந்த பிறகே திரும்பி வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நம் தேவாலயங்களில் இரத்தம் சிந்த வைத்தது. அந்த வலியை நானும் அறிவேன். ஆனால் அதற்குப் பிறகு, முகத்தை மூடுவதற்கு மட்டுமே தடை வந்திருக்க, முகம் திறந்து அபாயா போட்டிருந்த பெண்களையும் பல இடங்களில் மறித்தார்கள், கழற்றச் சொன்னார்கள். யாரோ செய்த கொலைக்கு இவர்களுடைய உடுப்பு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அது அநியாயம்.

சில வாரம் அபாயாவில் நடக்கும்போது, அதற்குள் இருப்பவளும் வெயிலில் வியர்க்கிற, பஸ்ஸுக்கு ஓடுகிற சாதாரணப் பெண்தான் என்பது உங்களுக்குப் புரியும். தம்மாமில் அந்நியர்கள் உங்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள், அது நியாயம். அதே மரியாதை மன்னார் பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் உங்கள் சிநேகிதிக்குக் கிடைக்காத நேரத்தில், அவள் பக்கம் நின்று வாய் திறந்து பேசுங்கள்.

அன்புடன்,
அக்கா