முதலில் இருக்கை, பிறகுதான் கடிவாளம்

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா நால்வரும், குதிரையின் அசைவுகளுக்கு மதிப்பெண் தரும் டிரஸாஜ் குழுப் போட்டியில் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அதைப் பார்த்துப் பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்க விரும்பும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: உடனே குதிரை வாங்கிவிடாதீர்கள்.

முதலில் லாயத்தைப் பாருங்கள். குளம்புகள் சுத்தமா, முதுகில் சேணம் உராய்ந்த புண் இருக்கிறதா, ஆள் அருகே போனால் குதிரை மிரண்டு ஒதுங்குகிறதா? குதிரையைச் சரியாக வைத்துக்கொள்ளாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் ஏறவும் விடாதீர்கள். பலமாக விழுந்து அடிபட்டால், விரிசல் தெரியாவிட்டாலும் ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது லஞ்சிங். பயிற்சியாளர் நீண்ட கயிற்றைப் பிடித்துக் குதிரையை வட்டமாக ஓட்டுவார். பிள்ளை கடிவாளத்தைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும். பலர் இதைச் சில வாரங்களில் முடித்துக்கொண்டு தடை தாண்டப் போகிறார்கள். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். இடுப்பில் சமநிலை வராத பிள்ளை, தடுமாறும்போதெல்லாம் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கும். அந்த இழுப்பெல்லாம் குதிரையின் வாயில் போய் விழும். வலி தாங்காமல் அது தலையைத் தூக்கும், முதுகு இறுகிவிடும். அப்புறம் எந்த நடையும் சரியாக வராது. அங்கவடி இல்லாமல், இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியபடி டிராட் ஓட்டத்தில் ஆடாமல் உட்கார முடிகிறதா? அதன்பிறகு கடிவாளத்தைக் கையில் கொடுக்கலாம். தேர்ந்த சவாரிக்காரர்களும் அவ்வப்போது லஞ்சிங்குக்குத் திரும்புகிறார்கள்.

குதிரையைத் தேய்த்துவிடுவது, குளம்பைக் கிளறிச் சுத்தம் செய்வது, கால்களில் சூடோ வீக்கமோ உண்டா என்று தடவிப் பார்ப்பது எல்லாம் பிள்ளையின் வேலையாகவே இருக்கட்டும். குதிரை நொண்டப்போவதை அந்தக் கைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

சொந்தக் குதிரை வேண்டிய காலம் வந்தால், போட்டி பார்த்த, வயதில் மூத்த குதிரையைத் தேடுங்கள். ஏறுபவரும் கற்றுக்குட்டி, குதிரையும் கற்றுக்குட்டி என்றால் இரண்டும் கெடும்.

சர்வதேச அளவில் டிரஸாஜுக்கு வயதுப் பிரிவுகள் உண்டு: சிறுவர் 12 முதல் 14, ஜூனியர் 14 முதல் 18, இளையோர் 16 முதல் 21. வயது வந்துவிட்டது என்பதற்காக மேல்பிரிவுக்குத் தள்ள வேண்டியதில்லை. போட்டியில் ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் தந்து, நடுவர் குறிப்பும் எழுதுவார். போட்டி முடிந்ததும் எத்தனையாவது இடம் என்று கேட்காமல், அந்த மதிப்பெண் தாளைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். குறைந்த மதிப்பெண் வாங்கிய இரண்டு அசைவுகளை எடுத்துக்கொண்டால் அடுத்த மாதப் பயிற்சிக்குப் போதும்.

ஹாங்சோவில் வென்ற நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். அந்த வழியில் அனுப்ப நினைத்தால், முதலில் விடுமுறையில் ஒரு மாதம் அனுப்பிப் பாருங்கள். விடியற்காலைக் குளிரில் லாயம் கூட்டிவிட்டு, மறுநாளும் பிள்ளை தானாக எழுந்து போகிறதா என்று கவனியுங்கள். நெடுங்காலத்துக்கு அனுப்புவதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.